ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு ஏஜென்சி மூலம் வெளிநாடு போவது: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

நீலவானம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன். இரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்த அனுபவமும், 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் (ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழும் இருக்கின்றன. கிழக்கு ஆசியாவிலோ வளைகுடாவிலோ ஆங்கில ஆசிரியர் வேலை தேடுகிறேன். மூன்று ஏஜென்சிகளிடமிருந்து பதில் வந்திருக்கிறது, மூன்றும் மூன்று விதம்.

முதல் ஏஜென்சி எதற்கும் பணம் கேட்கவில்லை. ரெஸ்யூமேவும் இரண்டு நிமிட அறிமுக வீடியோவும் அனுப்பினால் பள்ளிகளோடு நேர்காணல் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது ஏஜென்சி, வேலைக்கு எடுப்பதே தாங்கள்தான் என்கிறது. சம்பளம் அவர்கள் கொடுப்பார்கள், எந்தப் பள்ளி என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு சொல்வார்களாம். மூன்றாவது ஏஜென்சி பதிவுக் கட்டணம், ஃபைல் சார்ஜ் என்று முன்பணம் கேட்கிறது. டூரிஸ்ட் விசாவில் வந்து வேலையில் சேர்ந்துவிடுங்கள், ஒர்க் பெர்மிட் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. சம்பளம் அதிகமாகச் சொல்வதும் இவர்கள்தான்.

ஏஜென்சி வழியாகப் போவதே சரியா? ஒப்பந்தத்தில் எந்தெந்த வரிகளைப் பார்க்க வேண்டும்? பணம் கேட்டாலே மோசடி என்று எடுத்துக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு

மூன்றாவது ஏஜென்சியை இப்போதே விட்டுவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, பள்ளிதான். ஓர் ஆசிரியரைச் சேர்த்துவிட்டால் பள்ளி கமிஷன் தரும், பல இடங்களில் அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பள அளவுக்கு வரும். பெரும்பாலும் ஒரு பகுதி ஆசிரியர் வந்து சேர்ந்ததும், மீதி அவர் சில மாதம் தங்கிய பிறகும் கைக்கு வரும். அதனால் அந்தக் கெடு வரை ஏஜென்ட் போனை உடனே எடுப்பார், அதற்குப் பிறகும் எடுப்பாரா என்பது ஆளைப் பொறுத்தது. இது நேர்மையில்லாத ஏற்பாடு இல்லை. ஆனால் ஏஜென்ட் சொல்லும் "நல்ல பள்ளி" என்பதற்குப் பல நேரம் "ஒழுங்காகக் கமிஷன் தரும் பள்ளி" என்றுதான் பொருள், அதை மனதில் வையுங்கள்.

இந்த முறையில் ஆசிரியரிடம் கட்டணம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 181, தொழிலாளரிடம் நேராகவோ சுற்றுவழியிலோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆள்சேர்ப்புச் செலவை முதலாளி தலையில்தான் வைக்கிறது. பிரிட்டனில் வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்க 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகத் தடை.

ஆசிரியர் கையிலிருந்து நியாயமாகப் போகும் செலவுகளும் உண்டு: டிகிரிக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு ஒட்டித் தரும் சான்று) அல்லது தூதரகச் சான்றொப்பம், போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவப் பரிசோதனை, தூதரகத்தில் கட்டும் விசா கட்டணம், கூரியர். இவற்றையெல்லாம் நீங்களே அந்தந்த அலுவலகத்தில் கட்டுவீர்கள், ரசீதும் அந்த அலுவலகத்தின் பெயரில் வரும். "எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள், நாங்கள் கட்டிக்கொள்கிறோம்" என்றால் நின்று யோசியுங்கள்.

பயிற்சியும் வேலையும் சேர்த்துப் பொட்டலமாக விற்பவர்கள் தனி ரகம். அங்கே நீங்கள் வாங்குவது ஒரு டெஃபல் கோர்ஸ். வேலை தனியாகக் கிடைத்தால் அந்தக் கோர்ஸுக்கு இவ்வளவு கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

அடுத்தது பாஸ்போர்ட். இதை முதல் மெயிலிலேயே கேட்காத ஏஜென்சி தொழில் தெரியாதது, இல்லையென்றால் தெரிந்தே மறைக்கிறது. தென் கொரியாவில் மொழிப் பயிற்றுநருக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா. சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதோடு இளங்கலைப் பட்டமும் இரண்டு வருட மொழி கற்பித்த அனுபவமும் கேட்பார்கள். கல்வியியல் பட்டமோ செல்லுபடியாகும் கற்பித்தல் சான்றிதழோ இருந்தால் அனுபவத்தில் விலக்கு உண்டு. ஜப்பானில் தனியார் மொழிப் பள்ளி வேலைக்கு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டச் சொல்வார்கள். தாய்லாந்தில் பள்ளிகள் அப்படிப்பட்டவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 போன்ற மதிப்பெண் எதிர்பார்க்கும். எனவே "எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் பரவாயில்லை" என்று விளம்பரம் சொன்னால், எந்த விசா வகை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வகையின் பெயர் கிடைத்தால் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

இப்போது டூரிஸ்ட் விசா விஷயம். சீனாவை எடுத்துக்கொண்டால், பள்ளி முதலில் உங்கள் பெயரில் ஒர்க் பெர்மிட் அறிவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அதைக் காட்டி நீங்கள் இசட் விசா, அதாவது வேலை விசா, வாங்க வேண்டும். உள்ளே போன 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையைத் தாண்டி டூரிஸ்ட், வணிக, மாணவர் விசாவில் பாடம் எடுத்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான வழக்கு என்றால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். பள்ளியும் தண்டிக்கப்படும், ஆனால் நாட்டை விட்டு அனுப்பப்படுவது நீங்கள். பிற நாடுகளிலும் இதே கதைதான், தொகை மட்டும் மாறும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சட்டவிரோதமாக வேலை செய்பவருக்குச் சம்பளப் பாக்கி வைத்தால், அவர் புகார் கொடுக்கவே பயப்படுவார். அந்த ஏஜென்சி சொல்லும் "அதிக சம்பளம்" கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே?

செம்பருத்தி

மணல்மேடு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். உங்கள் இரண்டாவது ஏஜென்சியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், மோசடி இல்லாமலே மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

அறிமுகப்படுத்திவிட்டு விலகும் ஏஜென்சி வேறு, ஆளைத் தானே வேலைக்கு எடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் ஏஜென்சி வேறு. பின்னதில் பள்ளி ஏஜென்சிக்கு மொத்தத் தொகை கொடுக்கும். ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குச் சம்பளமாகத் தரும். இந்தப் பிடித்தம் மாதாமாதம் நடக்கும், பேஸ்லிப்பில் தெரியவும் தெரியாது. ஜப்பானில் கல்வி வாரியங்களுக்கு உதவி மொழி ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களும், தாய்லாந்தில் பள்ளிகளுக்கு ஆள் தரும் பல நிறுவனங்களும் இப்படித்தான் இயங்குகின்றன. சட்டப்படி நடத்துபவர்கள் உண்டு, முதல்முறை போகிறவருக்கு வீடு, வங்கிக் கணக்கு என்று நன்றாகவே உதவுவார்கள். ஆனால் நேரடி வேலையைவிடச் சம்பளம் குறையும். விடுமுறை மாதங்களில் பாதிச் சம்பளமோ சம்பளமே இல்லாமலோ போகலாம். தாய்லாந்தில் 10 மாத ஒப்பந்தம் சகஜம். மாதச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், 12 மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

பள்ளியின் பெயர் பிறகு என்பது நாட்டைப் பொறுத்துச் சரியும் ஆகும், தவறும் ஆகும். ஜப்பானில் வகுப்பு ஒதுக்கீடு தாமதமாவது வழக்கம். சீனாவில் ஒர்க் பெர்மிட்டில் எழுதியிருக்கும் நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம். ஒரு கம்பெனி பெயரில் பெர்மிட் வாங்கி, வாரம் ஒரு மழலையர் பள்ளிக்கு அனுப்பினால் மாட்டுவது ஆசிரியர்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கணக்கு. ஒரே ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறேன். "வாரம் 30 கற்பித்தல் மணி" என்று இருக்கிறது. வகுப்பு 40 நிமிடம். ஒரு வகுப்பையே ஒரு கற்பித்தல் மணி என்று எண்ணினால் வாரம் 30 வகுப்பு, அதாவது 1,200 நிமிடம், 20 மணி நேரம். ஆனால் கீழே எங்கோ "ஒரு மணி என்பது 60 நிமிட நேரடிக் கற்பித்தல்" என்று விளக்கம் இருந்தால் அதே 30 மணி 1,800 நிமிடம் ஆகிறது. 40 நிமிட வகுப்பாக அது வாரம் 45, ஐந்து நாள் வேலைக்கு நாளுக்கு 9 வகுப்பு. ஓவர்டைம் 46-ஆவது வகுப்பிலிருந்துதான் தொடங்கும். இடைவேளை, திருத்துதல், பெற்றோருக்கு அறிக்கை எழுதுதல் எதுவும் கணக்கில் வராது. எனவே மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், பள்ளியில் மொத்தம் எத்தனை மணி இருக்க வேண்டும். காலையில் இரண்டு மணி, மாலையில் நான்கு மணி என்று நாளைப் பிளக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். கொரியாவில் ஒரு வருடம் முழுதாக வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணிக்கொடை சட்டப்படி உண்டு. அதைத் தவிர்க்கத்தான் சில இடங்கள் 11 மாத ஒப்பந்தம் நீட்டுகின்றன. அங்கேயே இன்னொரு பொறி, 3.3 சதவீத வரிப் பிடித்தம். வரி குறைவு என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் அது உங்களை ஊழியராக இல்லாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டும் பிடித்தம். தேசிய ஓய்வூதியமும் உடல்நலக் காப்பீட்டில் முதலாளியின் பங்கும் அதோடு போய்விடும்.

பாதியில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற பிரிவை மெதுவாகப் படியுங்கள். விமான டிக்கெட் பணத்தை முதல் ஆறு மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பது பரவலாக இருப்பதுதான், ஏற்கலாம். "ஏஜென்சிக்குப் பள்ளி கொடுத்த கமிஷனை ஆசிரியர் தர வேண்டும்", "பள்ளி முடிவு செய்யும் நஷ்ட ஈடு" என்றிருந்தால் அடித்துவிட்டுத் திருத்திய பிரதி கேளுங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் முரண்பாடு வரும்போது எந்தப் பிரதி செல்லும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் உள்ளூர் மொழிப் பிரதிதான். அதை ஏஜென்சியின் ஆள் அல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சம்பளம், மணி, அபராதம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீலவானம்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இருவருக்கும் மிக்க நன்றி. மூன்றாவது ஏஜென்சிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். முதல் ஏஜென்சி இப்போது டிகிரி, பாஸ்போர்ட் ஸ்கேன் கேட்கிறது, அசல் டிகிரியும் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஏஜென்சிகளில் பதிந்துவைப்பது தவறா?

ஆலமரத்தடி

அசல் டிகிரியைப் பெரும்பாலான நாடுகளுக்கு அனுப்பத் தேவையில்லை. கொரியாவுக்குப் போவது நோட்டரி சான்றளித்து அப்போஸ்டில் ஒட்டிய நகல். சீனாவுக்கு முதல் கட்டத்தில் ஸ்கேன்தான், அசலை அங்கே போனபின் அலுவலகத்தில் காட்டுவீர்கள். நேர்காணலே நடக்காத நிலையில் அசல் கேட்பதற்கு நியாயம் இல்லை. "எந்த அலுவலகம், எந்தப் படிவத்துக்காகக் கேட்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். ஸ்கேன் அனுப்பும்போது பக்கத்தின் குறுக்கே "இன்ன ஏஜென்சியில் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்கள். ஒப்பந்தம் கைக்கு வரும்வரை பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம் மட்டும் போதும்.

பாஸ்போர்ட் அசலைப் பள்ளியோ ஏஜென்சியோ "பத்திரமாக" வைத்துக்கொள்ள விடாதீர்கள். வசிப்பு அனுமதிக்காகச் சில நாள் குடிவரவு அலுவலகத்தில் இருக்கும், அதற்கு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். சீட்டில் அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டும், பள்ளியின் பெயர் இல்லை.

ஆவணங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிகிரி அப்போஸ்டில் காலாவதி ஆகாதது, அதை இப்போதே செய்யலாம். போலீஸ் கிளியரன்ஸ் அப்படி இல்லை; கொரியாவில் அது எடுத்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தேசிய அளவில் வழங்கியதாகவும் இருக்க வேண்டும். மாவட்ட, மாநிலக் காவல்துறையின் சான்று செல்லாது. சீக்கிரம் எடுத்தால் நேர்காணல் முடிவதற்குள் கெடு தாண்டும், தாமதித்தால் சேரும் தேதி தாண்டும். ஒப்பந்தம் வர ஓரிரு மாதம் இருக்கும்போது விண்ணப்பிப்பது சரியாக வரும். சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டிலை ஏற்கிறது. ஆனால் எல்லா நாட்டு ஆவணங்களுக்கும் அது பொருந்தாது; பழைய வழிகாட்டிகளை நம்பாமல், உங்கள் நாட்டு ஆவணத்துக்கு அப்போஸ்டிலா தூதரகச் சான்றொப்பமா என்று சீனத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டிகிரியில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இனிஷியல் விரிந்த பெயராக இருப்பது, தந்தை பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியிருப்பது, இவற்றால் ஃபைல் திரும்பி வரும். வித்தியாசம் இருந்தால் இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தை முதலிலேயே தயாராக வையுங்கள்.

பல ஏஜென்சிகளில் பதிவது தவறில்லை, ஆனால் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பள்ளிக்கு இரண்டு ஏஜென்சி உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும். பள்ளி அந்த வம்பே வேண்டாம் என்று உங்களை ஒதுக்கிவிடும். முதல் மெயிலிலேயே இப்படி எழுதிவிடுங்கள்: "பள்ளியின் பெயரும் ஊரும் எனக்குத் தெரிவித்து, நான் சம்மதம் சொன்ன பிறகே ரெஸ்யூமே அனுப்பவும்." நல்ல ஏஜென்சி இதற்கு முகம் சுளிக்காது. பள்ளியின் பெயர் சொன்னால் நேராகப் போய்விடுவார்கள் என்று அவர்கள் பயப்படுவதும் நியாயம்தான், அதனால் பெயர் சொன்னபின் அந்தப் பள்ளிக்குத் தனியாக விண்ணப்பிக்காமல் இருங்கள்.

செம்பருத்தி

பள்ளியைச் சரிபார்ப்பது பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். ஏஜென்ட் கொடுக்கும் எண்ணில் அழைக்காமல், பள்ளியின் தளத்தில் நீங்களே எடுத்த எண்ணில் அழைத்து, "இந்தப் பெயரில் உங்களுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி உண்டா?" என்று கேளுங்கள். சீனா என்றால் ஒப்பந்தத்தில் கம்பெனியின் சிவப்பு வட்ட முத்திரை இருக்கும். கம்பெனியின் 18 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பொதுப் பதிவேட்டில் தேடலாம். அங்கே வரும் பெயரும் முத்திரையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

பள்ளியின் ஆள் யாரும் வராமல் ஏஜென்சி மட்டும் நேர்காணல் நடத்தி "தேர்வாகிவிட்டீர்கள்" என்றால் அது தேர்வு ஆகாது. நேர்காணலில் இப்போது வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஏஜென்ட் தனக்கு வசதியான ஆளைத்தான் காட்டுவார். அதனால் "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காமல் எண்ணாகக் கேளுங்கள். போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? நேற்று எத்தனை வகுப்பு எடுத்தீர்கள்? உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார்? வீடு தருகிறார்கள் என்றால் அதே வீட்டின் வீடியோ, தனி வீடா பகிர்வா, மின்சாரமும் பராமரிப்பும் யார் தலையில் என்று கேளுங்கள்.

கடற்கரைச்சாலை

எல்லா இடத்துக்கும் ஏஜென்சி வேண்டும் என்பதே இல்லை. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு உதவி மொழி ஆசிரியராக எடுக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987 முதல் நடக்கிறது. அந்தந்த நாட்டு ஜப்பானியத் தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பம், கட்டணம் இல்லை. "ஜெட்டில் இடம் வாங்கித் தருகிறோம்" என்பவரை நம்ப வேண்டாம். ஸ்பெயின் அரசின் மொழி உதவியாளர் திட்டமும் நேரடி விண்ணப்பம்தான். கொரியாவின் அரசுப் பள்ளிகளுக்கான எபிக் திட்டத்தில் நேரடியாகவும் போகலாம், ஏஜென்சி வழியாகவும் போகலாம், சம்பளத்தில் வித்தியாசம் வராது. ஆவணம் சரிபார்ப்பதில் உதவி வேண்டுமானால் அங்கே ஏஜென்சி பயன்படும்.

வளைகுடாவின் நல்ல பள்ளிகள் மொழிப் பயிற்றுநரைவிட முழுநேர வகுப்பாசிரியரைத்தான் தேடுகின்றன. ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் பள்ளி அனுபவமும் கேட்பார்கள். உங்கள் இரண்டு வருட அனுபவம் அங்கே எடுபடும், 120 மணி ஆன்லைன் சான்றிதழ் மட்டும் எடுபடாது. பெரியவர்களுக்கான மொழி மையங்கள் செல்டா என்ற ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழைக் கேட்பதற்குக் காரணம், அதில் உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் பாடம் எடுத்து மதிப்பிடப்படுகிறார்கள். ஆன்லைன் கோர்ஸ்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அந்தப் பக்கம் திருப்பினால் விண்ணப்பிக்கும் பள்ளிகளின் தரமே மாறும்.

மணல்மேடு

இன்னொன்று. பிடிக்காவிட்டால் வேறு பள்ளி மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல நாடுகளில் விசா அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. கொரியாவில் ஒப்பந்தம் முடியும் முன் மாற, பழைய பள்ளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். சீனாவிலும் பழைய பெர்மிட்டை ரத்து செய்த கடிதம் இல்லாமல் புதியது கிடைக்காது. எனவே எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்தால் அந்தக் கடிதம் எத்தனை நாளில் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சில பள்ளிகள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத பள்ளியிடம் முந்தைய ஆசிரியர் எப்படி விலகினார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஏஜென்ட் வாட்ஸப்பில் சொன்ன வாக்குறுதிகளையும் ஒரே மெயிலில் தொகுத்து, "நாம் பேசியது இவைதானே?" என்று அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். டிக்கெட் பணம் எந்த மாதம் திரும்பும், வீட்டுக்கு முன்பணம் யார் கட்டுவது, முதல் சம்பளம் எந்தத் தேதி. முதல் சம்பளம் வரச் சில இடங்களில் ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை சாப்பாடு, வாடகை, போக்குவரத்துக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். அதோடு திரும்பி வரும் டிக்கெட்டுக்கான தொகையையும் தனியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.